குலுங்காத ரோடு

"இன்னொரு தடவை அந்தத் தண்டவாளத்து மேல ஏத்து, ஜம்பு" என்று பர்வதம் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமின் கோடியில் இருந்த கட்டிலில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். முழங்காலுக்கடியில் ஒரு தலைகாணி, இடுப்புக்குப் பக்கத்தில் சுருட்டிய போர்வை, கை இரண்டும் உடம்போடு ஒட்டி. வீட்டில் அவள் கணவர் எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே.

"போறும் மாமி. இந்தத் தெருக்காராள்லாம் நம்மளையே பாக்கறா. போலீஸைக் கூப்பிட்டுடப்போறா" என்றான் ஜம்புநாதன். அவள் கணவர் ராமசுப்ரமணியனின் ஆபீஸில் ஜூனியர். ஒரு வாரம் லீவு போட்டு இந்த வண்டியைக் கலிஃபோர்னியா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டிருந்தான்.

"பாக்கட்டும். போன தடவை இடுப்புக்கிட்ட டக்குனு இடிச்சுது. இப்போ போர்வையை நகர்த்தி வச்சிருக்கேன்."

வண்டி திரும்பியது. டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன் ஊரின் அந்தச் சின்ன ரயில்வே கிராஸிங்கில் முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் ஏறியது. பர்வதம் கண்ணை மூடிக்கொண்டு முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் கவனம் வைத்தாள். இடிக்கவில்லை. அவளுக்கு எழுந்து கைதட்டலாம்போல் இருந்தது.

ராமசுப்ரமணியனுக்குப் புற்று முதுகெலும்பில் இறங்கியிருந்தது. கட்டில் காலில் யாராவது தெரியாமல் இடித்துவிட்டால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்வார். விமானத்தில் உட்கார்ந்து போவதெல்லாம் நடக்காத காரியம். ஒரே பெண் அகிலா கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் நிறைமாதமாக இருந்தாள். இதற்கு முன் இரண்டு கலைந்துபோனதில் பயந்து, டாக்டர் அவளையும் படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவும் பெண்ணுமாக ஆளுக்கொரு ஊரில் படுத்துக்கொண்டு, ஃபோனில் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடுவதற்குள் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

மோட்டார்ஹோம் யோசனை அவருடையதுதான். அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் பிட்ஸ்பர்க் கோயிலைத் தவிர வேறு எங்கும் கூட்டிக்கொண்டு போகாத மனிதர், படுத்த படுக்கையில் பெரிய ஊர்சுற்றியாகிவிட்டார். ஆட்டோ கிளப் அனுப்பிய மேப்புகளை நெஞ்சின்மேல் விரித்துக்கொண்டு, காம்ப்கிரவுண்டு காம்ப்கிரவுண்டாக ஃபோன் போட்டார். உள்ளே வரும் பாதை தாரா, சரளைக்கல்லா? வண்டியை நிறுத்தும் இடம் சமதளமா? சரளை என்று சொன்னால் அந்த ஊரையே மேப்பிலிருந்து அடித்துவிடுவார். எல் பாஸோ வழி வேண்டாம், அமரில்லோ போய் அங்கிருந்து மேற்கே திரும்பலாம் என்பதற்கு ஒரு வாரம் யோசித்தார். காங்க்ரீட் ரோட்டில் பலகைக்குப் பலகை தடக் தடக்கென்று இடிக்குமாம். எங்கே காங்க்ரீட், எங்கே தார் என்று லாரிக்காரர்களிடமெல்லாம் விசாரிக்கச் சொல்லி ஜம்புவை விரட்டினார். வலி மாத்திரைகூட அந்த மேப் அளவுக்கு வேலை செய்யவில்லை.

இன்று மத்தியானம் கிளம்புவதாக ஏற்பாடு. விச்சிடா ஃபால்ஸில் முதல் ராத்திரி.

வண்டி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது நர்ஸ் பெக்கி டிரைவ்வேயில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சாதாரணமாக அவரை விட்டுவிட்டு வெளியே வருகிறவள் இல்லை. பர்வதம் கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெக்கி கையை அசைக்கவில்லை, ஓடியும் வரவில்லை.

ஜம்பு வண்டியை நிறுத்த மறந்து, மெயில்பாக்ஸை உரசிக்கொண்டு போய் நின்றான்.

உள்ளே அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. இப்போதுதான், சுலபமாகத்தான் போனார் என்று பெக்கி இங்கிலீஷில் சொன்னாள். பர்வதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டில் ஆடியது, அவர் முகம் சுளிக்கவில்லை. இடிக்கலை, போர்வையை நகர்த்தி வச்சா இடிக்கலை என்று சொல்வதற்காகத் தண்டவாளத்திலிருந்தே அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை மாதமாக ராப்பகலாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள், தண்டவாளத்தில் ஏறி இறங்கப் போன நேரம் பார்த்தா போக வேண்டும்? அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு அறை விட்டுக்கொண்டாள். பெக்கி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

ஜம்பு குபெர்டினோவுக்கு ஃபோன் செய்தான். நல்லவேளையாக மாப்பிள்ளை வெங்கடகிருஷ்ணன் எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஜம்பு ரிசீவரை அவளிடம் நீட்டினான். லைனில் மாப்பிள்ளையின் அம்மா. பிரசவத்துக்காக மெட்ராஸிலிருந்து வந்திருப்பவள்.

"பர்வதம் மாமி, என்ன சொல்றதுன்னே தெரியலை. அகிலா மாடில தூங்கிண்டிருக்கா." சம்பந்தியின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "நான் கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுக்காதேங்கோ. அவகிட்ட இப்போ சொல்லவேண்டாம். நேத்திக்கே பிரஷர் ஏறிடுத்துன்னு டாக்டர் சத்தம் போட்டார்."

"அவ அப்பா மாமி."

"தெரியும். குழந்தை பொறக்கட்டும், நானே மடில போட்டுண்டு சொல்றேன். காதுல விழுந்தாத்தான் மாமி தீட்டு. விழாத வரைக்கும் அவளுக்கு அப்பா இருக்கார்."

"சாயங்காலம் விச்சிடா ஃபால்ஸ்லேருந்து ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்கேனே. பண்ணலைன்னா பயந்துடுவாளே."

அந்தப் பக்கம் அம்மாவும் பிள்ளையும் என்னமோ பேசிக்கொண்டார்கள். பிறகு வெங்கடகிருஷ்ணன் வந்தான். அவன் அழுதிருந்தான். "அப்போ பண்ணுங்கோ அம்மா. கிளம்பிட்டேள்னே இருக்கட்டும். தினம் சாயங்காலம் ஒரு ஊர் பேரைச் சொல்லுங்கோ. மெதுவா வரேள்னு... வேற வழி தெரியலைம்மா."

சம்பந்தி மாமிமேல் பர்வதத்துக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் அதைக் காட்டவும் வழியில்லை. இரண்டாவது கலைந்தபோது ஆஸ்பத்திரியில் அகிலா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த கிடப்பு அவளுக்குத்தான் தெரியும். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானம் ஃப்யூனரல் ஹோமிலிருந்து கோட்டும் டையுமாக இரண்டு பேர் வந்தார்கள். திங்கட்கிழமை தகனம், பிள்ளை இல்லாததால் ஜம்புதான் செய்வதாக முடிவாயிற்று. மோட்டார்ஹோம் டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு நின்றதால் ஸ்ட்ரெச்சரைப் பக்கவாட்டில் புல்தரையில் இறக்கி ஒதுக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. பர்வதம் பின்னாலேயே ஓடினாள்.

"ஜம்பு, அந்தத் தண்டவாளத்துல மெதுவாப் போகச் சொல்லு அவாளை."

ஜம்பு அவளைப் பார்த்தான். பிறகு அந்த ஆட்களிடம் போய் இங்கிலீஷில் சொன்னான். அவர்களில் பெரியவர் அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "யெஸ் மேம்" என்றார். சொன்னபடியே செய்தாரா என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலத்துக்குள் டாலஸ், பிளேனோவிலிருந்தெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. யார் உள்ளே நுழைந்தாலும் ஒரு அழுகை. அங்கிருந்து ஃபோன் செய்ய முடியாது. ஜம்பு அவளைத் தன் காரில் ஏற்றி, ஃப்ரீவே ஓரத்து காஸ் ஸ்டேஷனில் இருந்த காசு போடும் ஃபோனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கை நிறையச் சில்லறை மாற்றிக்கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

முதல் மணியிலேயே அகிலா எடுத்தாள். "அம்மா! வந்தாச்சா? எங்கே இருக்கேள்?"

"விச்சிடா ஃபால்ஸ்டி. வந்தாச்சு."

"என்ன அவ்ளோ சத்தம்?"

"ரோட்டோரத்துல ஃபோன். லாரியாப் போறது."

"அப்பாகிட்ட குடேன்."

"அவர் வண்டில படுத்துண்டிருக்கார். இங்கே வரைக்கும் எப்படிடி வருவார்?"

"ஆமாம்ல. நான் ஒரு அசடு. ரொம்ப வலிச்சுதாம்மா அவருக்கு?"

"இல்லைடி. கிளம்பினதுலேருந்து வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"ரோடு எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு. அப்பா பாத்துவச்ச ரோடாச்சே."

அகிலா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. "அந்த ஃபோன்ல நம்பர் எழுதியிருக்கும் பாரு. சொல்லு, நானே கூப்பிடறேன். உனக்குக் காசு போயிண்டிருக்கும்."

நம்பர் கண்ணுக்கு நேரே இருந்தது, டாலஸ் ஏரியா கோடோடு. பர்வதம் கட்டைவிரலை வைத்து அதை மறைத்துக்கொண்டாள். "அழிஞ்சுபோயிருக்குடி. ஒண்ணும் படிக்க முடியலை."

"சரி, நாளைக்கு அமரில்லோதானே? அவசரமே வேண்டாம்மா. மெதுவா வாங்கோ. நான் இதுகிட்ட சொல்லிவச்சிருக்கேன்."

"எதுகிட்ட?"

"வயத்துல இருக்கறதுகிட்டதான். டாக்டர் எப்ப வேணா ஆகலாங்கறார். தாத்தா வந்துண்டிருக்கார், அவர் வந்து சேர்ற வரைக்கும் வெளில வரப்படாதுன்னு வயத்தைத் தடவித் தடவிச் சொல்லிண்டே இருக்கேன். சமத்தா கேட்டுண்டு உள்ளேயே இருக்கு."

பர்வதம் கண்ணாடித் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அப்படியெல்லாம் சொல்லாதேடி. அது வர நேரத்துக்கு வரட்டும்."

"ஊஹூம். அப்பா வரட்டும். அதுவரைக்கும் நான் பிடிச்சு வச்சுண்டிருப்பேன்."

நடுவே ஒரு பெண் குரல் புகுந்து இன்னும் காசு போடச் சொன்னது. உள்ளங்கையில் சில்லறை வியர்த்துப் பிசுபிசுத்தது. பர்வதம் போடவில்லை. அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கேட்டது, பிறகு லைன் போய்விட்டது.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாயருகே இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா போயிட்டார்டி அகிலா" என்றாள். "காலம்பறவே போயிட்டார். நான் பக்கத்துல இல்லைடி."

யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்த்தாள். ஃபோனுக்காகக் காத்திருந்த லாரிக்காரர் ஒருவர், தன் சத்தம் அவள் பேச்சுக்கு இடைஞ்சலாகிவிட்டதோ என்று இரண்டடி பின்னால் போய், அவசரமில்லை, பேசுங்கள் என்று கையால் சைகை காட்டினார்.