இருபத்தொன்பதாவது பொட்டலம்

எண்பத்தாறாம் வருடம், திருச்சியில் கொழும்பு விமானத்துக்குக் காத்திருந்த தொட்டியத்துக்காரன் ஒருவன் சுருண்டு விழுந்தான். ஆபரேஷன் மேசைக்கு வரும்போது நினைவில்லை. அவன் விழுங்கியிருந்த பிரவுன் சுகர் போதைப்பொருள் பொட்டலம் ஒன்று வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. மயங்குமுன், விழுங்கியது மொத்தம் இருபத்தெட்டு என்று ஒப்புக்கொண்டதாகச் சுங்க அதிகாரி சொல்லியிருந்தார்.

டாக்டர் அமிர்தசாமி இடுக்கியைத் தொடவே இல்லை. இரும்பு பட்டால் பொட்டலத்தின் ரப்பர் உறை கிழிந்துவிடும். வயிற்றைத் திறந்து, குடலை விரலால் வருடி வருடி, பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஒரே கீறலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நர்ஸ் லூர்துராணி கிண்ணத்தில் வாங்கி எண்ணினாள்.

"இருபத்தெட்டு ஆச்சு. தையல் போடலாங்களா டாக்டர்?"

"எது கிழிஞ்சிருக்கு, பாரும்மா."

ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்தாள். எல்லாம் மூன்று உறை, மேலே மெழுகு, ஒரே மாதிரி முடிச்சு. ஒன்றுகூடக் கசியவில்லை.

"அப்ப இவனைக் கொல்றது எது?" என்று எரிந்து விழுந்தவர், முதலிலிருந்து மறுபடி தடவத் தொடங்கினார். எட்டு வருடமாக அவரிடம் திட்டு வாங்குகிறவள், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரைப்பையின் அடிமடிப்பில் அவை நின்றன. அங்கிருந்து வந்தது ஒற்றை பலூன். வாயில் பூக்கட்டும் வாழைநார் சுற்றியிருந்தது. பாதி காலி.

மூன்றாம் நாள் கண் விழித்தவன் முதலில், "எத்தனை எடுத்தீங்க?" என்றுதான் கேட்டான்.

"இருபத்தொன்பது," என்றாள் லூர்துராணி.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அந்த ஒண்ணு சரக்கு கொடுத்தவங்களுக்குத் தெரியாம எனக்குன்னு எடுத்தது, சிஸ்டர். நானே கட்டுனேன்."