ராணியின் நடை

...நடை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்களா, எங்கே பிறந்தீர்கள், முதல் வேடம் எது, எந்த அண்ணாவியார் கூத்துப் பழக்கினார் என்று ஒழுங்காகத்தானே நிரூபா கேட்டுக்கொண்டு வந்தாள், பஸ்ரியனும் ஒழுங்காகத்தானே சொல்லிக்கொண்டு வந்தார், கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சேட்டோடு, ரெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டின் சோபாவில் நிமிர்ந்திருந்து, மேசையில் சுற்றிக்கொண்டிருந்த கசெற்றுக்கு மரியாதை கொடுத்து... ஊரில் கூத்தும் நாடகமும் ஆடியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்துப் பதிவுசெய்கிறாள் இந்தப் பிள்ளை, பிறகு அது தமிழ் ரேடியோவில் போகும், ரொறன்ரோ முழுக்கக் கேட்கும். போன கிழமை மிசிசாகாவில் கிறிஸ்துநாயகத்திடம் போயிருக்கிறாள். பஸ்ரியன் ராணியாக வந்த காலமெல்லாம் பக்கத்தில் ராசாவாக நின்றவன். “அவர்தான் சொன்னவர் அங்கிள், பஸ்ரியனிட்டை அவன்ரை நடையைப் பற்றி மறக்காமல் கேள் எண்டு. சொல்லிப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சவர்.” சிரிப்பான், ஏன் சிரிக்கமாட்டான், கொளுத்திப் போட்டுவிட்டு அங்கே சாய்ந்திருந்து சிரிப்பான், மாட்டிக்கொண்டது இங்கே இருக்கிறவன் அல்லவா, அதுவும் மனைவி பேர்ணடெற் குசினி வாசலில் காதை நீட்டிக்கொண்டு நிற்கும்போது.

இரைச்சல் பதிந்துவிடும் என்று ஃபிரிட்ஜின் வயரைக் கழற்றச் சொன்ன நேரம்தொட்டு அவள் அங்கேதான் நிற்கிறாள். “கெதியாய்ச் சொல்லி முடியுங்கோ, உள்ளுக்கை மீன் கிடக்கு.” இவ்வளவு காலம் மேடையில் பாடி ஆடியதற்கு வீட்டில் கிடைக்கிற மதிப்பு இது, பாரை மீனுக்குப் பிறகுதான் பஸ்ரியன்... சொல்லலாமா? எத்தனையோ பேரைப் பார்த்துப் பழகினேன் பிள்ளை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். ஆனால் கிறிஸ்துநாயகம் ரேடியோவில் கேட்பானே, கேட்டுவிட்டு அடுத்த பிறந்தநாள் வீட்டில், ஆட்டுக்கறியும் கையுமாக நின்று, எல்லாருக்கும் நடுவில் அவனே எடுத்துவிடுவானே. அதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேலா, கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லாததைக் கசெற்றுக்கா சொல்வது?

முதலில் வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு பிள்ளைகள், பிறகு சண்டை, கொழும்பு லொட்ஜ், விமானம், பனி, இடையில் எந்த இடத்தில் நின்று ஒருத்தியிடம் உன்னுடைய நடையை நான் எடுத்தேன் என்று சொல்வது. முதன்முதல் ராணி வேடம் கிடைத்த வருசம் அண்ணாவியார் எல்லாருக்கும் முன்னால் கத்தினார், “உது ராணியோ, ராசாவுக்குத் தம்பி மாதிரியெல்லோ வாறாய்! போய்ப் பொம்பிளையள் நடக்கிறதைப் பார்!” போய்ப் பார்த்தார். தையல் வகுப்பு விட்டுத் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி வருவாள், வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையில் நாய் குரைத்தாலும் வேகம் கூட்டாமல், அந்த ஒழுங்கையே தன் சீதனம் என்பதுபோல. திரும்புகிற இடத்தில் தலை திரும்பாது, தோள் மட்டும் கொஞ்சம் திரும்பும். அந்தத் தோளுக்காகவே மழையிலும் போனார், கிறிஸ்துநாயகம் சைக்கிளோடு காவல். ஒருநாள் அவளுடைய தமையன் பிடித்துக்கொண்டான். கூத்துக்குப் படிக்கிறேன் என்றால் எவன் நம்புவான், கன்னத்தில் ஒன்று விழுந்தது. கூத்துக்குத்தான் போனார் என்பது உண்மைதானா? கூத்து முடிந்த பிறகும் போனாரே...

“அங்கிள்?” நிரூபா மெதுவாகக் கூப்பிட்டாள். அவர் குசினிப் பக்கம் பார்க்காமல், கசெற்றைப் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் குதிக்கிறவன் மாதிரி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார், “அது உங்கடை அன்ரியின்ரை நடை பிள்ளை. கலியாணத்துக்கு முதல் பின்னாலை போய்ப் போய்ப் பாத்துப் பழகினனான். அவவுக்குத் தெரியாது.”

அவர் கசெற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குக் கோபமா? ஊருக்கு முன்னால் தன்னைக் கூத்தில் ஏற்றிவிட்டான் என்று நினைக்கிறாளா, நடைக்காகத்தான் கட்டினான் என்று நினைக்கிறாளா, இன்றைக்குச் சாப்பாடு கிடைக்குமா... சிரிப்புத்தான் வந்தது, குசினியிலிருந்து, ஊதி வெடித்தாற்போல ஒரு சிரிப்பு, கையைத் துவாயில் துடைத்தபடி வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள், கண்ணில் தண்ணீர்.

“கடவுளே, அப்ப அண்ணை அடிச்சது உதுக்கோ? பிள்ளை, இதையும் பதியும். நான் உந்த நடையை எங்கை பழகினனான் எண்டு கேளும். இவர் ராணியாய் வாறதுக்கு முதல் வருசம், கோயில் பெருநாள் கூத்திலை ஒரு தோழிப்பெண் சாமரம் பிடிச்சுக்கொண்டு வந்தது, நாலு அடிதான் நடந்தது. அப்பிடி ஒரு நடையை நான் கண்டதில்லை. வீட்டை போய்க் கதவைச் சாத்திப்போட்டு நடந்து நடந்து பாத்தன். பிறகெல்லோ தெரியும், அது இந்த மனுசன் எண்டு.”

“நீர் ஒருநாளும் சொல்லேல்லையே!”

“நீங்கள் சொன்னனீங்களோ?”

நிரூபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பஸ்ரியனும் சிரித்தார், ஆனால் சிரிப்புக்குள்ளே ஒன்று பிடித்து இழுத்தது, அந்தத் தோழி வேடம்... சாமரம் ஞாபகம் வந்தது, மச்சாளிடம் இரவல் வாங்கிய வழுவழுத்த நைலெக்ஸ் சேலை ஞாபகம் வந்தது, அவசரத்தில் யாரோ ஊசி குத்தாமல் சுற்றிவிட்டார்கள், சபைக்கு நடுவில் இடுப்பிலிருந்து கழன்று விழப்போகிறது என்று அடிமேல் அடி வைத்து நடந்தார், வேகமாகப் போனால் விழும், தலையைத் திருப்பினால் விழும், அதனால் தோளை மட்டும் கொஞ்சம்... அவ்வளவுதான், அதில் கலையும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் பயம். அதை இவள் எடுத்துக்கொண்டு போய் ஒழுங்கையைத் தன் சீதனமாக்கினாள். அவர் அதை மறுபடி எடுத்து ராணியானார். இதைச் சொல்வதா? சேலை கழலாமல் இருக்க நடந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? “தேத்தண்ணி போடுறன்,” என்று அவள் எழுந்து குசினிக்குப் போனாள், பஸ்ரியன் பார்த்துக்கொண்டேயிருந்தார், அந்தத் தோள், அந்த அடி, அதில் பயம் ஒரு துளியும் இல்லை, பிறகு எப்படி அது அவருடையதாகும்...