அதெல்லாம் ஒரு ஸ்கூலா

செட்டித்தோட்டம் இரண்டாவது சந்தில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஆட்டோ ஓட்டும் அம்மாசிக்கு மூன்று மாடி, மாட வீதி ஸ்ரீரங்கனுக்கு வீட்டு வாசலை ஒட்டிய கட்டடம், அவர் மனைவி கோமளத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம், மர்சலின் டீச்சருக்கு ஒன்றுமே இல்லை. மர்சலின் டீச்சர் நின்று பார்த்தால் அங்கே ஒரு காலி மனையும் வேலிக்காத்தான் புதரும் யாருடையது என்று தெரியாத ஒரு வெள்ளாடும் மட்டும் இருக்கும். புகார் போய், அளப்பதற்கு ஒருவர் டேப்போடு வந்தார். கூட யார் வந்து நின்றார்களோ அவர்கள் சொன்ன அளவே டேப்பில் வந்தது. எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, மந்தைவெளி முனையில் கரும்புச்சாறு குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காது கொஞ்சம் கூர்மை. தன்னைப் பற்றி யார் என்ன சொல்கிறார்களோ, சொன்னவருக்கு அது அப்படியே ஆகிவிடும். தலைமை ஆசிரியை ஜைதூன் பீ சேர்க்கைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "சீருடை அடுத்த வாரம் குடுப்போம். தட்டு, டம்ளர்ல பேர் எழுதிக் குடுத்து அனுப்புங்க. ஸ்கூலப் பத்தி வெளியே பேசும்போது பாத்துப் பேசுங்க, அதுக்குக் கேட்டுடும்." பெற்றோர்கள் தட்டு, டம்ளரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

அம்மாசி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர். மகள் சிந்துவைச் சேர்த்த மறுநாளே லஸ் ஆட்டோ ஸ்டாண்டில் அளந்துவிட்டார்: "நம்ம ஸ்கூலு இன்னா பெர்சு தெரியுமா நைனா? மூணு மாடி கீது!" அடுத்த நாள் காலையில் மூன்று மாடி இருந்தது. சிந்துவின் இரண்டாம் வகுப்பு மேல் மாடிக்குப் போய்விட்டது. அம்மாசிக்கு முழங்கால் வலி. பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். மேலே போய்ச் சேரும்போது கூட்டம் முடிந்து டீயும் பட்டர் பிஸ்கட்டும் மிச்சம் இருக்கும். ஆனால் மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும் என்பதால் அவர் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஸ்ரீரங்கனின் மகன் சாய்சரண் அதே சிந்துவோடு ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தான், தரைத்தளத்தில். ஒரு பெஞ்சு எப்படி இரண்டு உயரத்தில் இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. வாய்ப்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதானே.

ஸ்ரீரங்கன் வங்கி ஊழியர், அதிகம் பேசமாட்டார். குளக்கரையில் யாரோ விசாரித்தபோது, "ஆத்து வாசல்லயே இருக்கு, போயிண்டு வந்துண்டு இருக்கான்" என்றார். அன்று முதல் அவர் வீட்டுப் படியில் ஒரு கால், பள்ளி வராந்தாவில் ஒரு கால் வைத்து நிற்க முடிந்தது. கோமளத்துக்கு மகனை அடையாற்றில் பெரிய பள்ளி ஒன்றில் சேர்க்கவேண்டும் என்று ஆசை. அது நடக்காத எரிச்சலில் அக்காவிடம் போனில், "எங்கயோ ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல கொண்டு போய்ச் சேத்துட்டு வந்து நிக்கறார்" என்றார். 'எங்கயோ' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கணவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவர் தயிர்சாதம் கட்டிக்கொண்டு, கிண்டியில் பஸ் மாறி, கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது. பையன் அப்பாவின் வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். திரும்பி வந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அவன்தான். பிற்பாடு கோமளத்துக்கு அந்தப் பயணம் பிடித்துப்போயிற்று. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, சென்னையில் யாரும் போட முடியாத ஸ்வெட்டர்கள் பின்னினார்.

மர்சலின் டீச்சரின் கதை இவ்வளவு வேடிக்கையாகத் தொடங்கவில்லை. சாந்தோமில் அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் ஆசிரியர்கள். அந்த வீட்டில் சாக்பீஸைத் தொடாதது கோழி மட்டும்தான். அவரும் அடையாற்றில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. பல வருடங்களாக ஸ்கூட்டரில் அந்தச் சந்தைக் கடக்கும்போதெல்லாம், "அதெல்லாம் ஒரு ஸ்கூலா?" என்று சொல்லிக்கொண்டே போவார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. தேவாலயத்தைக் கடக்கும்போது கை தானாக நெற்றிக்குப் போகுமே, அந்த மாதிரி வாயில் வந்துவிடும். பள்ளிக்கூடம் பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவருக்கு இல்லாமல் போயிற்று. பார்க்காத ஒன்று காணாமல் போனால் யாருக்குத் தெரியும்? அவருக்கும் தெரியவில்லை.

அவருடைய மகள் கரோல் நல்ல பெயருள்ள பள்ளி ஒன்றில்தான் முதலில் படித்தாள். தினமும் வேனில் வாந்தி எடுத்தாள், வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க அவள் குரல் அங்கே யாருக்கும் தெரியாது. ஒருநாள் அப்பா நோயல் அவளை பைக்கில் கூட்டிக்கொண்டு செட்டித்தோட்டம் வழியாகப் போனபோது உள்ளே பிள்ளைகள் முட்டையும் சோறும் தின்றுகொண்டு கூச்சல் போட்டார்கள். வண்டி நின்றதுதான் தாமதம், கரோல் இறங்கி உள்ளே ஓடிவிட்டாள். நோயல் அந்த வாரமே சேர்த்துவிட்டார். நோயல் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் ஆள் இல்லை என்பதால், அவருக்கு மட்டும் பள்ளி இருந்தபடியே இருந்தது. வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

"டீச்சர் பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்லயா? ஊரே சிரிக்கும் நோயல்."

"சிரிக்கட்டும் மர்சி. கரோலும் சிரிக்கிறா இல்ல? அத எப்பப் பாத்தோம், சொல்லு."

மர்சலின் டீச்சர் மறுநாள் தானே மகளைக் கூட்டிக்கொண்டு போனார். காலி மனை. ஆடு. கரோல் அம்மாவின் கையை விட்டு நாலடி நடந்து, கேட்டே இல்லாத இடத்தில் மறைந்துபோனாள். டீச்சர் போட்ட அலறலில் டீக்கடை பாய்லர் நின்றுவிட்டது. காற்றுக்குள்ளிருந்து தலையில் சாக்பீஸ் தூளோடு ஜைதூன் பீ வெளியே வந்து, தண்ணீர் கொடுத்து, விசாரித்தார்.

"எவ்ளோ நாளா டீச்சர் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"வருஷக்கணக்கா."

"அப்போ கொஞ்சம் டைம் எடுக்கும். புள்ளைய நான் பாத்துக்கறேன்."

நாலு மணிக்குக் கரோல் ஜடை அவிழ்ந்து, சட்டையில் சாம்பார் கொட்டி, பேசிக்கொண்டே காற்றிலிருந்து வெளியே வந்தாள். வாந்தி எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஒரு தாய்க்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? டீச்சர் தினமும் காலி மனையில் மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டார்.

பழக முடியாதது ஒன்றே ஒன்று. உள்ளே போன பிள்ளைகள் திரும்பி நின்று டாட்டா காட்டுவார்கள், பெற்றோரும் காட்டுவார்கள். மர்சலின் டீச்சரும் கையை ஆட்டுவார், குத்துமதிப்பாக. பெரும்பாலும் அது ஆட்டுக்குத்தான் போகும். முதல் வாரம் கரோல் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து அம்மாவின் கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டாள். சில நாள் சத்துணவுக் கூடத்தின் வாசலில், சில நாள் கழிவறைச் சுவருக்குப் பக்கத்தில். சரியாக அந்த இடத்துக்குப் போய் நின்று, தனக்கு வந்த டாட்டாவை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். இதைச் சிந்து தன் அப்பாவிடம் சொல்ல, அம்மாசி வாய் சும்மா இருக்காமல் டீச்சரிடமே சொல்லிவிட்டார். டீச்சர் அன்று வேலைக்குப் போகாமல் கடற்கரைச் சாலை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி அழுதார்.

மறுநாள் சந்தில் நின்று, அட்சர சுத்தமாக, "இது மிகச் சிறந்த பள்ளி" என்று மனைக்குச் சொன்னார். புதருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. மறுபடியும் சொன்னார். குழாய் சொட்டத் தொடங்கியது, அவ்வளவுதான். சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தைக்கு அதற்கு மேல் தர பள்ளிக்கு மனமில்லை.

பிப்ரவரியில் ஆண்டு விழா வந்தது. கரோலுக்குக் கத்தரிக்காய் வேடம், மைக்கில் பேசவேண்டும். வாய் திறக்காத பிள்ளை மைக்கில் பேசப்போகிறது! டீச்சர் ஊதா சாட்டின் துணியில் உடையும் பச்சைக் காம்பு வைத்த தொப்பியும் தானே தைத்தார். தைக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே ஒரு பயம்தான். மகள் முதன்முதலாக நாலு பேர் முன்னால் பேசும்போது, தான் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோம்.

அப்படித்தான் ஆயிற்று. ஐந்து மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தில் வந்து நின்றார். அம்மாசி படியேறத் தயாராக முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு போனார், மறைந்தார். கோமளம் காலையிலேயே கிளம்பியிருந்ததால் சரியான நேரத்துக்கு வந்து, போனார், மறைந்தார். நோயல் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் பார்த்தார். முள் குத்தியதுதான் மிச்சம். "நீ போ, அவ தேடுவா" என்று டீச்சர் அவரை அனுப்பிவிட்டு மனையின் ஓரத்தில் தனியாக நின்றார். காதில் ஒன்றும் விழவில்லை.

அப்போது ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து, சந்தை அடைத்து நின்ற வண்டிகளைப் பார்த்து ஹாரனை அழுத்தினார். "காது கிழியுது! அதெல்லாம் ஒரு ஸ்கூலா? இதுக்கு ஆண்டு விழா ஒண்ணுதான் கேடு!"

அந்தக் கேள்வியை மர்சலின் டீச்சர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், தன் வாயால். வெளியே நின்று காதால் கேட்பது அதுதான் முதல் தடவை. அது எப்படி வலித்தது என்றால், அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டருக்குக் குறுக்கே போய் நின்றார். விடைத்தாளில் 'இன்னா' என்று எழுதியதற்கு மார்க் குறைத்தவர், இத்தனை காலமும் அண்டை அயலில் கேட்டுச் சேர்த்துவைத்த மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார்.

"யாரப் பாத்து இன்னா பேசற? எங்க ஸ்கூலு அது! எம் பொண்ணு உள்ள பேசிக்கினு கீறா, ஹாரன் அடிக்கிறியா நீ?"

கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நம்ம', வெளியே நிறுத்தினால் 'எங்க' என்று ஆறாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறவர் அவர். பள்ளிக்கூடத்துக்கும் அந்த இலக்கணம் தெரிந்திருந்தது. ஸ்கூட்டர் பெண் வெளியே, மர்சலின் டீச்சர் உள்ளே. முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கி வெடித்துக் கிளம்பியது.

திரும்பினார். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒற்றை மாடிக் கட்டடம். ஜன்னல் ஒன்றில் கதவில்லை, சுவரில் விரிசல், அவர் வரவழைத்த குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு கத்தரிக்காய் கத்திப் பேசியது: "நான்தான் கத்தரிக்காய்! என்னைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்! எனக்குள்ளும்..." அந்த இடத்தில் கத்தரிக்காய் நிறுத்திவிட்டது. கேட்டருகில் நிற்கும் அம்மாவின் கண், பக்கத்திலோ மேலேயோ இல்லாமல், நேராகத் தன் மேல் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா," என்றாள் மைக்கில், "தெரியுதா?"

"தெரியுதுடி தங்கம்!" என்று டீச்சர் கத்தியது அம்மாசியின் மூன்றாவது மாடி வரை கேட்டது. சபை விசிலடித்தது. கத்தரிக்காய் தன் சத்துக்களை ஒன்று விடாமல் சொல்லி முடித்தது.

மறுவாரமே டீச்சர் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்து, ஜன்னலுக்குக் கதவு கேட்டார், குழாய்க்கு வாஷர் போடச் சொன்னார், தன் கண்ணுக்குத் தெரியாத மாடிப்படிக்கு அம்மாசிக்காகக் கைப்பிடியும் கேட்டுச் சண்டை போட்டார். ஆடு இப்போது அந்த ஸ்கூட்டர் பெண்ணுக்குத் தெரிகிறது என்று டீக்கடையில் சொல்கிறார்கள். அவருக்கும் ஒரு குழந்தை இருக்கிறது, ஜூனில் பார்க்கலாம் என்று ஜைதூன் பீ சொல்லியிருக்கிறார்.

விழா முடிந்த திங்கட்கிழமை காலையில் மர்சலின் டீச்சர் கேட்டருகில் நின்று டாட்டா காட்டினார். கரோல் பழக்கதோஷத்தில் சத்துணவுக் கூடத்துப் பக்கம் ஓடினாள். அம்மாவின் கையும் கூடவே அந்தப் பக்கம் வந்தது. நம்பாமல் கழிவறைச் சுவருக்கு ஓடினாள். கை அங்கேயும் வந்தது. முதல் மணி அடித்தது, பிறகு இரண்டாவது மணியும் அடித்தது. அவள் ஓடிக்கொண்டே இருந்தாள்.