பண்ருட்டி நாகம்மாளுக்கு ஒரு பாட்டு

தொண்டையே இல்லாதவள் பாடுகிற பாட்டை நான் உட்கார்ந்து கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். வோக்கலாய்ட் என்று அதற்குப் பேர். வரியையும் மெட்டையும் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு பெண் குரல் பாடிவிடும். ஜப்பான்காரப் பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியிருக்கிறார்கள். மூக்கடைத்த கொசு மாதிரி இருக்கிறது என்று என் மகள் அபியைக் கேலி செய்வேன். அவள் சட்டை செய்யமாட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் யூட்யூபில் ஒரு சேனல் ஆரம்பித்து, அந்தப் பாட்டுகளைத் தமிழ் அகரவரிசையில் பிரித்துச் சிபாரிசு செய்துகொண்டிருந்தாள். 'அ'வில் ஆரம்பிக்கிற பாட்டுகள் ஒரு வாரம், 'ஆ' அடுத்த வாரம். அழுவதற்கு இது, பாத்திரம் கழுவும்போது இது, யாரோடும் பேசப் பிடிக்காத நாளில் இது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வாள்.

உயிரெழுத்து முடிகிற சமயத்தில் அவள் அன்புச்செல்வனோடு போய்விட்டாள்.

அன்புச்செல்வன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவன் குடும்பம் இந்தப் பக்கத்துக் குடும்பம், தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். என் வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் அதே மைன்ஸில் பர்மனென்ட். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள். வரும்போது பாதிச் சாமானை ஊரிலேயே போட்டுவிட்டு வந்தோம், சாதியை மட்டும் மறக்காமல் எடுத்து வந்துவிட்டோம். அவர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பைக்கில் ஊர் ஊராகத் தேடினார். கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று அவர் வாசலில் நின்று கத்தியது பிளாக் முழுக்கக் கேட்டது. அபி போலீஸில் பாதுகாப்பு கேட்டு எழுதிக் கொடுத்தாள், போன் நம்பரை மாற்றினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. நானும் எடுக்கவில்லை. எனக்கு என் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

பல மாதம் கழித்து ஒரு நாள், செத்துக் கிடந்த அந்தச் சேனலில் 'க' வந்தது. அவளுடைய குரல் இல்லை. யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, அறிமுகத்தையும் ஒரு மெஷின் குரலைக் கொண்டே பேசவைத்திருந்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது கேட்க வேண்டிய பாட்டு என்று அது சொன்னதும் அபிதான் என்று தெரிந்துவிட்டது. இவருக்கு அந்தச் சேனல் ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அம்மா என்று எழுதினால் பயந்து மூடிவிடுவாள். அதனால் 'நாகம்மாள், பண்ருட்டி' என்று ஒரு பேரை வைத்துக்கொண்டு கீழே எழுதினேன். முந்திரி உடைக்கிற கம்பெனியில் வேலை என்று அளந்துவிட்டேன். நம்புவதற்காக இந்தப் பக்கத்துப் பேச்சையும் இழுத்துப் பிடித்தேன்.

"தங்கச்சி, வேல செஞ்சிக்கினே உன் பாட்ட கேக்கறேன். 'ச'வுல எதுனா அமைதியா இருந்தா சொல்லு."

"இருக்குக்கா. மூணாவதா இருக்கறத கேளுங்க. கடைசி ரயிலை விட்டுட்டு ஒருத்தி பிளாட்பாரத்துல ஒக்காந்துகினு பாடறது. பாதிலயே நிறுத்திடாதீங்க, கடைசிலதான் நல்லாருக்கும்."

என் பெண் எனக்குப் பதில் எழுதுகிறாள். என்னை அக்கா என்கிறாள். நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். கடைசி வரைக்கும் கேட்டேன். கொசு மாதிரி இருந்த குரல் எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மூச்சு வாங்காத குரல்தான், ஆனாலும் ஏதோ ஒன்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது. 'த' வந்தது, 'ந' வந்தது. நன்றாக இருக்கிறாயா என்று கேட்க முடியாத நான், இந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். ஒரு தடவை, எனக்குத் தூக்கமே வருவதில்லை, அதற்கு ஏதாவது பாட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"'ம' வரட்டும்க்கா," என்று எழுதினாள். "உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

'ப' வந்த வாரம் அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட். காலையில் அவரை அனுப்பிவிட்டு, கிரைண்டரில் அரிசியைப் போட்டுவிட்டு, போனை எடுத்தேன். மனசு லேசாக இருந்தது. இல்லாவிட்டால் அப்படி எழுதியிருக்கமாட்டேன்.

"தங்கச்சி, கிரைண்டர்ல மாவு ஓடிக்கினு இருக்கு. 'ப'வுல ரெண்டாவது பாட்டு போட்டுகினு நிக்கிறேன். ரொம்ப நல்லாருக்கு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அக்கா, இன்னிக்கு பண்ருட்டி முழுக்க காலையிலேர்ந்து கரண்ட் கட்டாச்சே. சாயங்காலம்தான் வரும்னாங்க. எங்க வூட்லயும் இல்ல."

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கென்று வெளியே கரண்டை நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கரண்ட் எடுக்கிற ஊரில் குடியிருப்பவர்களுக்குக் கரண்ட் போகிற நினைப்பு எங்கிருந்து வரும்? நாங்கள் மெழுகுவத்தி வாங்கி எத்தனையோ காலமாகிறது.

ஆனால் என் கிரைண்டரே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. எங்க வூட்லயும் இல்ல என்று எழுதியிருக்கிறாளே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். திருப்பூர், சென்னை என்று நான் எங்கெங்கோ நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருந்திருக்கிறாள். வீட்டை வூடு என்று சொல்லப் பழகியிருக்கிறாள். நான் வேஷத்துக்காகப் பேசிய பேச்சு அவளுக்குச் சொந்தப் பேச்சாகிவிட்டது.

அடுத்த வரி வந்தது.

"நீங்க எந்த பிளாக்?"

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பண்ருட்டியில் ஏது பிளாக்? குவார்ட்டர்ஸ் என்று கண்டுபிடித்துவிட்டாள். இத்தனை நாள் சுமந்த பொய்யை இறக்கி வைத்துவிடலாம் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. எழுதினேன்.

"அம்மாதான் அபி. நீ நல்லா இருக்கியா?"

"அப்பா பக்கத்துல நின்னுகினு எழுதச் சொல்றாரா?"

"இல்லம்மா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. சத்தியமா."

பதில் வரவில்லை. நான் எழுதியதை அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? வாசலில் நின்று அவர் கத்தியபோது நான் உள்ளேதானே நின்றுகொண்டிருந்தேன். மாவை வழிக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திறந்து பார்த்தபோது சேனலே இல்லை. 'அ'விலிருந்து 'ப' வரைக்கும் ஒன்றுகூட இல்லை. எனக்கென்று எடுத்து வைத்த பாட்டின் பேர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் நான் நடமாடினேன், சமைத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசையாமல் இடது கையால் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நெட் வரலயா?" என்றார்.

"வருதே."

"எனக்கு வரல. உன் போன்ல கொஞ்சம் பாரு."

"என்னத்தப் பாக்கணும்?"

அவர் நிமிரவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இல்ல, அடுத்து 'ம' வரணுமே."

அன்றைக்கு அபிக்கு நான் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம். இந்த மனுஷனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து அறையில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் கேட்கிறார் என்று நான் நினைத்த நேரமெல்லாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. நான் மட்டும் சொன்னேனா?

இனிமேல் வராது, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.