மேல்பாறைச் சங்கு

சரிதா ஆசிரியர் ஆனது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. ஊட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள், ஆள் வராத மத்தியானங்களில் கை சும்மா இருக்கமாட்டாமல் ஒரு வலைப்பூ தொடங்கினாள். பெயர் 'ஏழாம் லயம்'. குன்னூருக்குக் கீழே மேல்பாறை எஸ்டேட்டில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டு வரிசை அது. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்பதால் அம்மா தெய்வம்மா இன்றைக்கும் அதை லயம் என்றுதான் சொல்வாள். அட்டைக்கடி, மேஸ்திரியின் வாய், தேயிலை விலை சரிந்து வேலை வாரத்தில் பாதியாகக் குறைந்த கதை என்று எல்லாவற்றையும் எழுதினாள். தேயிலை விலை விழ விழ வலைப்பூவுக்குக் கூட்டம் ஏறியது. கனடாவிலிருந்தெல்லாம் பின்னூட்டம் வந்தது. பேர் போடாத அனானிகள் ஒரு தப்பு கிடைத்தால் போதும், தோலை உரித்தார்கள்.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்து சம்பாதித்த ஆறுமுகசாமி அதைப் படித்துவிட்டு, 'மலைமுகம்' என்று ஒரு இணையச் செய்தித்தளம் ஆரம்பித்து அவளை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார். பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ். பகலெல்லாம் வர்க்கி வாசம். "பிளாக் எழுதின பொண்ணுக்கு நியூஸ் என்ன தெரியும்?" என்று ஊர் நிருபர்கள் சிரித்தார்கள். அந்த ரோஷத்திலேயே அவள் ஒரு சட்டம் போட்டாள்: இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எந்தச் செய்தியும் ஏறக்கூடாது. நிருபர் சசிகலா கொண்டுவந்த நல்ல செய்தி ஒன்று அந்தச் சட்டத்தில் மாட்டிப் பழசாகிப்போனது. சசிகலா அழுதாள். சட்டம் அசையவில்லை.

அந்தச் சட்டத்தைச் சரிதாவே உடைத்தாள்.

ஒரு காலையில் அம்மா போன் செய்தாள். "இன்னைக்குஞ் சங்கு ஊதல புள்ள. நேத்தும் ஊதல. பெரட்டுக்கும் கூப்புடல. ஆளுக லயத்துலயே குந்தியிருக்குதுக."

பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுப்பது. அது நின்றாலே சங்கடம். சங்கு நின்றால் கேட்கவே வேண்டாம். மேல்பாறை பேக்டரியின் சங்கில்தான் லயத்தில் அடுப்பு எரியும், பிள்ளைகள் எழும். அவள் அப்பா இறந்த அன்றுகூட அது நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்து அது ஊமையானதெல்லாம் கதவடைப்பின்போதுதான். அந்த வருஷம் பக்கத்தில் இரண்டு பேக்டரிகள் வேறு மூடியிருந்தன. சமவெளியிலிருந்து வந்த யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மேனேஜருக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள். லயத்தில் பிறந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. சங்கு ஊதவில்லை என்றால் மூடியாயிற்று, இதில் கேட்க என்ன இருக்கிறது?

'மேல்பாறை தேயிலைத் தொழிற்சாலை மூடல்' என்று ஏற்றினாள். உச்சிப்பொழுதுக்குள் அது மலையில் இருந்த அத்தனை போன்களிலும் இருந்தது. "ஏனுங்க சரிதா, பிச்சு உதறிட்டீங்க!" என்றார் ஆறுமுகசாமி.

சாப்பாட்டுக்குப் பிறகு எஸ்டேட் மேனேஜர் கூப்பிட்டார். கத்தியிருந்தால் தேவலை. நிதானமாகப் பேசினார்.

"ஓடைப் பக்கம் யானை குட்டி போட்டிருக்கும்மா. சத்தம் வேண்டாம்னு ஃபாரஸ்ட்காரங்க சொன்னதால சங்கை நிறுத்தினோம், தோட்டத்துக்கும் ஆள் அனுப்பலை. உங்க லயத்துக்குப் போற பாதையில, கீழ் வளைவுல யானைக் கூட்டம் நின்னதால சொல்லியனுப்ப முடியலை. பேக்டரி வெளி விவசாயிங்ககிட்ட வாங்குற கொழுந்துல ஓடிட்டுதான் இருந்துச்சு. உங்க நியூஸுக்கப்புறம் ஒரு கொழுந்து வண்டியும் வரலை. இப்படியே போனா முதலாளி நிஜமாவே மூடச் சொல்லிடுவார்."

ஏழாம் லயம் முழுக்க அந்தப் பேக்டரியை நம்பித்தான் சோறு தின்கிறது. சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி வண்டியில் ஏற்றும் மாரப்பனைச் சரிதா போனில் கூப்பிட்டாள்.

"மூடுன பேக்டரிக்கு எதுக்குங்க கொழுந்து? நீங்கதானே போட்டீங்க?"

"தப்பாப் போட்டுட்டேனுங்க."

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுங்களா? மேனேஜர் நல்லா கவனிச்சுட்டாரு போல." வைத்துவிட்டார்.

ஆறுமுகசாமி சுலபமாக வழி சொன்னார். "பேசாம தூக்கிடுங்க. நாளைக்கு யாரு கேக்கப்போறாங்க?"

"தூக்கினா மிரட்டித் தூக்க வெச்சாங்கன்னுதான் பேசுவாங்க சார். பேக்டரி மூடினதாவே ஆயிரும்."

வலைப்பூக் காலத்தில் அனானிகள் அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று அவளுக்கு இருந்தது. தப்பான வரியை அழிக்கக்கூடாது. குறுக்கே கோடு போட்டு அங்கேயே விட்டு, கீழே திருத்தம் எழுத வேண்டும். தலைப்பின் மேல் கோடு போட்டாள். 'இது பொய்ச் செய்தி. பேக்டரி ஓடுகிறது. தவறு என்னுடையது' என்று பேர் போட்டு எழுதினாள். அதைப் படித்தவர்கள் கொஞ்சம். படித்தவர்களிலும் பாதிப்பேர் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள்.

மறுநாள் யானைகள் காட்டுக்குள் இறங்கிவிட்டன. மேனேஜர் அதைச் சொன்னதும் சரிதாவுக்கு ஒன்று உறைத்தது. அவளையே ஏமாற்றியது சங்குதான். அப்படியானால் மற்றவர்கள் நம்பப்போவதும் சங்கைத்தான்.

"நாளைக்குக் காலைல நீளமா ஊதச் சொல்லுங்க சார்," என்றாள். அம்மாவுக்குப் போன் போட்டு, வாசலில் நின்று வீடியோ எடுக்கச் சொன்னாள்.

அம்மா எடுத்த வீடியோவில் பாதி அவள் விரல்தான் தெரிந்தது. ஆனால் சங்கு கணீரென்று கேட்டது. முடிவில் அம்மாவின் குரல்: "போதுமா புள்ள?" சரிதா அதை வெட்டாமல், 'மேல்பாறை, இன்று காலை' என்று மட்டும் போட்டு ஏற்றினாள். பொய்ச் செய்தி போன வழியிலெல்லாம் அதுவும் போனது. மறுநாள் முதல் வண்டி மாரப்பனுடையது. சில வண்டிகள் திரும்பி வரவே இல்லை. இருந்தாலும் மெஷின் நிற்காத அளவுக்குக் கொழுந்து சேர்ந்தது. ஆறுமுகசாமி மட்டும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனாள். வீட்டில் பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. கோழிக்கூடு காலி.

"என்னம்மா இது?"

"அன்னைக்குக் கட்டுனது, இன்னும் அவுக்கல. பேக்டரி மூடிட்டா லயத்த விட்டு எறக்கி விட்டுருவாங்கல்ல. கோழிகள அடுத்த லயத்து இசக்கியம்மாகிட்ட குடுத்துட்டேன்."

"நீ சொன்னதத்தானேம்மா போட்டேன்?"

"நான் சங்கு ஊதலன்னுதானே சொன்னேன்? மூடிட்டாங்கன்னு எனக்கே உறுதியாத் தெரியல. நீ போட்டத பக்கத்து ஊட்டுப் பையன் படிச்சுக் காட்டுனான். எம்மக விசாரிக்காம போடமாட்டான்னு சொல்லிட்டுத்தான் சாக்க எடுத்தேன்."

சரிதா சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, கோழிகளைத் திருப்பிக் கேட்க இசக்கியம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு அதற்குள் குழம்பாகியிருந்தன.