பதினோரு வெள்ளைக் குஞ்சுகள்

“தாய்க்கோழி இல்லாத குஞ்சுக. நீ வளத்துருவியா பாப்பா?”

பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவக் மலையாண்டி இப்படிக் கேட்டபோது ஞானமணி வாயைத் திறக்கவில்லை. வெளியாள் யார் பேசினாலும் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போகாமல் நின்றதற்குப் பாதிக் காரணம் அதுதான். தலையை மட்டும் ஆட்டினாள். பன்னிரண்டு சீமைக்கோழிக் குஞ்சுகள் இருந்த அட்டைப்பெட்டி அவள் கைக்கு வந்தது.

அதெல்லாம் ஐந்து வாரத்துக்கு முந்தி. அடுப்படி மூலையில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, சூட்டுக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கை வைத்து, குருணையை ஊறவைத்துப் போட்டு வளர்த்தாள். ஒன்று கழுநீர்ப் பானையில் விழுந்து செத்தது. மீதிப் பதினொன்றும் இறகு முளைத்து வெள்ளை வெளேரென்று நின்றன. அம்மியில் ஏறின, உறியை எட்டிப் பார்த்தன. நேற்று ஒன்று மாவுச் சட்டிக்குள் இறங்கி, நடையெல்லாம் வெள்ளைக் காலடி வைத்துப் போயிருந்தது.

அவளைப் பெற்ற ஆத்தா ஜெபமாலையம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “பாஸ்காத் திருநாளுக்கு ஒங்கத்தை குடும்பத்தோட வருது. சோத்துப் பானைக்குப் பக்கத்துல கோழிப்பீயவா காட்டுறது? இன்னைக்குக் கூட்டுக்குப் போயிரணும். பொழுது சாஞ்சப்பறம் ஒண்ணே ஒண்ணு இந்த நெலைப்படியத் தாண்டி உள்ள வந்துச்சோ, பதினொண்ணும் திங்கக்கெழமை சந்தைக்குத்தான். பாத்துக்க.”

ஞானமணிக்குப் பயமாக இல்லை. விடிந்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. அப்பா பங்கிராஸ் செம்புறாங்கல்லை அடுக்கி, மண் பூசி, பனையோலை வேய்ந்து கொல்லையில் கூடு கட்டி முடித்திருந்தார். “ஒம்புள்ளைகளுக்கு மச்சு வீடுதான் போ” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். அவள் உள்ளே உமியைப் பரப்பினாள். கையால் அழுத்திப் பார்த்தாள். மறுபடி கொஞ்சம் பரப்பினாள்.

கூடையில் துண்டு போட்டு மூடி எடுத்துவந்து புளியமரத்தடியில் துண்டை விலக்கியபோது குஞ்சுகள் அசையவில்லை. வானத்தை அவை பார்த்ததே இல்லை. காற்று வந்து இறகைப் புரட்டியதும் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு ஓடியது. அவ்வளவுதான், பதினொன்றும் கொல்லை முழுக்க ஓடின. அவளும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினாள். திடீரென்று ஒரு குஞ்சு புழுதியில் சாய்ந்து காலை உதறியது. வலிப்புதான் என்று பதறிப்போய்க் கிட்டே போனால், அது கண்ணை மூடிச் சுகமாக மண்ணில் குளித்துக்கொண்டிருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு? அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது.

இதையே தெரிந்துவைத்திருக்கிற குஞ்சுக்குக் கூடடையவா தெரியாது? ஊரில் எந்தக் கோழியை யார் கூப்பிட்டு அடைக்கிறார்கள்? பொழுது சாய்ந்தால் தானாகப் போகும். அப்படி நம்பித்தான் அவள் கூட்டுக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நாட்டுக் குஞ்சுகள் தாயின் பின்னால் போய்ப் பழகியவை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வெயில் இறங்கியதும் பதினொன்றும் ஒன்றுகூடின. கூட்டை ஏறிட்டும் பார்க்காமல் வரிசையாக அடுப்படியை நோக்கி நடந்தன.

ஞானமணி குறுக்கே விழுந்து விரட்டினாள். வைக்கோல் போருக்குள் சிதறி, சுற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே வந்தன.

வேலிக்கு அந்தப்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அமராவதி சிரித்தாள். “என்னடி ஞானமணி, வளத்தவளாட்டமே இருக்கே ஒம்புள்ளைக! வீட்டை விட்டு வெளிய வரமாட்டேங்குதே!”

வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பாள். இன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. உள்ளே ஆத்தா முறத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஞானமணி மண்டியிட்டுக் கூட்டுக்குள் நுழைந்தாள். முதுகு ஓலையில் இடித்தது. தலையைக் குனிந்து உட்கார்ந்து, அடுப்படி மூலையில் தீனி வைக்கும்போது முணுமுணுப்பதைப் போல, “பா… பா… பா…” என்றாள். அது வாசலைக்கூட எட்டவில்லை. மூச்சை இழுத்து, அமராவதி காதில் விழட்டும், ஊர் காதிலேயே விழட்டும் என்று கத்தினாள்.

“பா! பா! பா! பா!”

முதலில் ஒரு கொண்டை எட்டிப்பார்த்தது. பிறகு இரண்டு. பிறகு தள்ளுமுள்ளு. மடியில், தோளில், கழுத்து இடுக்கில் என்று ஏறி அமர்ந்தன. இருட்டத் தொடங்கியிருந்ததால் தடவித் தடவி எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்துதான்.

அடுப்படிக்குள்ளிருந்து ஒரு கீச்சொலி வந்தது.

எழுந்தால் பத்தும் கலைந்துவிடும். நிலைப்படியைத் தாண்டி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. கூட்டு வாசலில் ஆத்தாவின் பாதங்கள் வந்து நின்றன.

ஜெபமாலையம்மாள் குனிந்தாள். முந்தானைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்தாள். மாவு ஒட்டிய கை உள்ளே நீண்டு, அந்தக் குஞ்சை மகளின் மடியில், மற்றவற்றுக்கு நடுவே இடம் பார்த்துச் செருகியது.

“ஆத்தா…” என்றாள் ஞானமணி.

பாதங்கள் திரும்பி, புழுதியில் குஞ்சுகள் குளித்த பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு, நடந்து போயின.