நான்காம் மாடி, லிஃப்ட் உண்டு

லிஃப்ட் நின்றுபோனால் எல்லோரும் மோட்டாரைச் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் கதவுதான் காரணம். ஒவ்வொரு மாடிக் கதவிலும் விரல்நகம் அளவுக்கு ஒரு செம்புத் தகடு உண்டு. கதவு சரியாகச் சாத்தியிருந்தால் அது எதிர்த்தகட்டைத் தொடும். எல்லாத் தகடுகளும் ஒரே கம்பியில் கோத்தவை. ஒன்று தொடாவிட்டாலும் லிஃப்ட் அசையாது. ஆள் விழுந்துவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பல வருடமாக நின்றிருந்தது. அதனால்தான் அந்தப் புறநகரில் எங்களுக்கு நான்காம் மாடி கிடைத்தது. அவ்வளவு படி ஏற யாரும் வரமாட்டார்கள், வாடகை குறைவு. என் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் அடுத்த தெருவில்.

நானோ லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்தி விடுறாரு, கட்டுனவ மட்டும் முட்டியைப் புடிச்சிக்கிட்டு ஏறணும்" என்பாள். முதலில் கேலியாகச் சொன்னாள். பிறகு முட்டி உண்மையிலேயே வீங்கியது.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன். "காசு கேக்காம என்ன வேணா பண்ணிக்கங்க" என்றார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டாம் மாடித் தகடு களிம்பேறிப் பச்சையாகிக் கிடந்தது. அதை மாற்றி, கயிறுகளையும் பிரேக்கையும் பார்த்து, சோதனை அதிகாரியின் கையெழுத்தும் வாங்கினேன். முதல் தடவை மேலே போனபோது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாடகை அலுவலகப் பெண் பொறுமையாகவே விளக்கினாள்.

"லிஃப்ட் இருக்கிற வீட்டு ரேட் இதுதாங்கண்ணே. வாடகையப் போல மூணு மடங்கு சம்பளம் காட்டணும். உங்க ரெண்டு பேருதையும் சேத்தா ரெண்டு மடங்குதான் வருது."

"ஒன்பது வருஷம் ஒரு மாசங்கூடத் தவறலையேம்மா?"

"அதை எழுத இந்த ஃபார்ம்ல இடமே இல்லண்ணே."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது நாமதாங்க." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

காலி செய்த அன்று கட்டிலும் பீரோவும் லிஃப்டிலேயே இறங்கின. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த தம்பதி நான்காம் மாடியில் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றார்கள். லிஃப்ட் வரவில்லை. எனக்குத் தெரியும், இரண்டாம் மாடிக் கதவு சரியாகச் சாத்தியிருக்காது. ஏறிப்போய், "லேசாத் தூக்கிச் சாத்தணும், இப்படி" என்று அவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கீழே மனைவி சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். "சொல்லிக் குடுத்தாச்சா?"

"ம்."

புதிய வீடு இரண்டு பஸ் மாறிப்போக வேண்டிய தூரம், மூன்றாம் மாடி. அங்கேயும் ஒரு லிஃப்ட் பூட்டிக் கிடந்தது. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறினாள். பாதியில் நின்று அந்தப் பூட்டைப் பார்த்தாள்.

"இதுல என்னங்க கோளாறு?"

முன்தினமே கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். அதே தகடு. அரை நாள் வேலை.

"மோட்டார் போயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த படியில் காலை வைத்தாள்.